நழுவலும் அசைவும்: ஐரோப்பிய வயலின் வாசிப்பில் இலக்கணமும் வழக்கும்

முன்னுரை

இலக்கணம் வழக்கைப் பின்தொடர்கிறதா, வழக்கை நெறிப்படுத்துகிறதா என்னும் வினா தமிழாய்வுலகிற்குப் புதிதன்று. ஒரு காலத்தில் வழு எனக் கடியப்பட்டது பிறிதொரு காலத்தில் வழுவமைதியாகி, பின்னர் வழாநிலையாகவே நிலைபெறுவதை மொழி வரலாறு பலவிடங்களில் காட்டுகிறது. மொழிக்குரிய இவ்வியல்பு இசைக்கும் உரியது என்பதற்கு ஐரோப்பிய வயலின் வாசிப்பின் வரலாறு தக்க சான்றாகும். அவ்வாசிப்பில் ‘போர்ட்டமெண்டோ’, ‘விப்ராட்டோ’ என வழங்கும் இரு கூறுகளும் 1750 முதல் 1940 வரையிலான காலத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பயணம் செய்து இடம் மாறிக்கொண்டன. அம்மாற்றத்தை இசைநூல்களின் வழியும் தொடக்கக்கால ஒலிப்பதிவுகளின் வழியும் ஆராய்ந்து, நூற்சான்றைக் கொண்டு ஒலிவழக்கை எந்த அளவிற்கு மீட்டறிய இயலும் என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள் விளக்கம்

ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குச் செல்லும்போது இடைப்பட்ட ஒலிநிலைகள் செவிக்குப் புலனாகும்படி விரலைத் தந்தியின்மேல் இழுத்துச் செல்லுதல் போர்ட்டமெண்டோ எனப்படும். இக்கட்டுரையில் இது ‘நழுவல்’ எனச் சுட்டப்படுகிறது. ஒரு சுரத்தில் நிலைத்து நிற்கும் விரலை முன்னும் பின்னுமாக விரைந்து அசைத்து ஒலிநிலையில் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்குதல் விப்ராட்டோ ஆகும். இது ‘அசைவு’ எனச் சுட்டப்படுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் 1930களில் நிகழ்த்திய அளவீடுகளின்படி, தேர்ந்த வயலின் கலைஞர்களின் அசைவு நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 முறை நிகழ்கிறது; அதன் அகலம் ஏறத்தாழக் கால் தொனி அளவினதாகும்.

இவற்றுள் நழுவல் வயலினின் அமைப்பிலேயே வேர் கொண்டது. விரற்பலகையில் மெட்டுகள் இல்லை. இடக்கை ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு நகரும்போது விரல் தந்தியைத் தொட்டவாறே செல்வதால், மறைக்க முயன்றாலன்றி நழுவல் ஒலிக்கும். அசைவோ கலைஞர் வேண்டுமென்றே சேர்க்கும் கூறு. இடக்கை கருவியைத் தாங்கும் பொறுப்பிலிருந்து ஓரளவேனும் விடுபட்டிருந்தாலன்றி அதனை இடையறாது நிகழ்த்துதல் அரிது. இவ்வேறுபாடு பின்வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில் அசைவு

தந்திக்கருவிகளில் விரலசைவு பற்றிய குறிப்பு 16ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கிறது. வயோல் என்னும் கருவிக்கு வெனிஸ் நகரில் கனாஸி என்பார் 1542, 1543 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூலில், துயரச் சுவைக்கு ஏற்ற நடுக்கம் சுட்டப்படுகிறது. எனினும் வயலினுக்குரிய விரிவான விதிகள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தோன்றின.

இத்தாலியரான ஜெமினியானி இலண்டனில் 1751இல் வெளியிட்ட வயலின் நூலில், அசைவு கம்பீரம், துயரம், அச்சம் முதலிய மெய்ப்பாடுகளை உணர்த்தவல்லது என்கிறார். குறுகிய சுரங்களில்கூட அது ஒலிக்கு இனிமை சேர்ப்பதால் இயன்றவரை மிகுதியாகப் பயன்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. இதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 1756இல், ஆக்ஸ்பர்க் நகரில் லியோபோல்ட் மோட்சார்ட் வெளியிட்ட வயலின் நூல் இதற்கு மாறான நிலைப்பாட்டை முன்வைக்கிறது. அசைவை ஓர் அணியாக வகைப்படுத்தித் தனி இயலில் விளக்கும் அவர், நீண்ட சுரங்களிலும் பகுதி முடிவுகளிலும் அதற்கு இடமளிக்கிறார். ஒவ்வொரு சுரத்திலும் நடுங்குவோரைத் தீராக் காய்ச்சல் கொண்டவர்களோடு ஒப்பிட்டு எள்ளுகிறார்.

ஒரே பத்தாண்டில் தோன்றிய இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று மறுப்பதால், அவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு அக்கால வழக்கு இதுவெனத் துணிதல் பொருந்தாது. மேலும், லியோபோல்ட் மோட்சார்ட்டின் கண்டனம் தன்னளவிலேயே ஒரு சான்றாகிறது. ஒவ்வொரு சுரத்திலும் அசைத்து வாசித்தோர் அக்காலத்தில் இருந்திராவிடில் அவர்களை எள்ள வேண்டிய தேவை எழுந்திராது. விலக்கு விதி, விலக்கப்படும் வழக்கின் இருப்பை உறுதிசெய்கிறது. தமிழ் இலக்கண நூல்களின் விலக்குகளையும் உரையாசிரியர் மறுப்புகளையும் கொண்டு அக்கால மொழிவழக்கை உய்த்துணரும் ஆய்வுநெறி இங்கும் பொருந்துவதாகும்.

குழுவாக வாசிக்கும்போது அசைவு கூடாது என்னும் வாதத்தை இலண்டன் பதிப்பாளர் இராபர்ட் பிரெம்னர் 1777இல் முன்வைத்தார். பலர் ஒரே சுரத்தை எழுப்பும் வேளையில் ஒருவரது ஒலிநிலை மட்டும் அலைந்தால் இசைவு கெடும் என்பது அவர் கருத்தின் சாரம். இதற்கு அடுத்த ஆண்டு, 1778 சூன் 12 அன்று, பாரிசிலிருந்து தந்தைக்கு எழுதிய மடலில் இளைய மோட்சார்ட் வேறொரு கோணத்தைக் காட்டுகிறார். மாந்தக் குரல் இயல்பாகவே அதிர்கிறது என்றும், அவ்வியற்கை அளவைத் தாண்டும்போதே அது அழகை இழக்கிறது என்றும் ஒரு பாடகரைக் குறித்து அவர் எழுதுகிறார். எனவே அசைவு முற்றிலும் விலக்கப்படவில்லை. அளவும் இடமும் அறிந்து ஆளப்படும் வழுவமைதியாக அது கருதப்பட்டது எனலாம்.

நழுவலின் வளர்ச்சி

நழுவலின் நிலை வேறு. ஹைடன் 1781இல் இயற்றிய ஓபஸ் 33, எண் 2 என்னும் நால்வர் இசையின் ஸ்கெர்சோவில், இடையே வரும் ‘டிரியோ’ பகுதியில் இசையமைப்பாளரே விரல்குறிகளை இட்டுள்ளார். அடுத்தடுத்த சுரங்களை ஒரே விரலால் வாசிக்கப் பணிக்கும் அக்குறிகள் நழுவலை வேண்டுவன என்பது தெளிவு. நாட்டுப்புற வாசிப்பின் சாயலும் நகைச்சுவையும் அங்கு விளைகின்றன. இத்தாலிய வயலின் கலைஞர் மெஸ்ட்ரினோவின் நழுவல் முறையை, 1800ஐ ஒட்டி வெளியான தம் நூலில் வால்டெமார் பதிவுசெய்தார்.

இவ்வழக்கின் பரவலுக்கு அதன் எதிர்ப்பே சிறந்த அளவுகோலாகிறது. வியன்னாவின் அரசவை இசைத்தலைவராயிருந்த சாலியேரி 1811இல் ஒரு செருமானிய இசையிதழில் நழுவலைக் கடுமையாகக் கண்டித்தார். தனிக்கலைஞரின் வேடிக்கையாகத் தொடங்கியது குழு வாசிப்பிலும் புகுந்துவிட்டது என்பது அவருடைய முறையீடு.

ஆயினும் அடுத்த தலைமுறை நூலாசிரியர் நழுவலை விலக்கவில்லை, வகைப்படுத்தினர். பிரான்சின் பையோ 1834இல் வெளியிட்ட நூலில் வியோட்டி, குரூட்சர், ரோட் ஆகிய மூவரும் விரல் வைக்கும் முறையால் எவ்வாறு வேறுபட்டனர் என விளக்குகிறார். அவர்களுள் ரோட் ஒரே தந்தியில் நின்று நழுவிச் செல்லும் முறையை விரும்பியவர். செருமனியின் ஸ்போர் 1832இல் வெளியிட்ட நூல், ரோடின் 7ஆம் கான்செர்டோவை எடுத்துக்கொண்டு எவ்விடத்தில் அசைவு வரவேண்டும், எவ்விரலில் வாசிக்கவேண்டும் என்பதைக் குறியிட்டுக் காட்டுகிறது. அசைவை விரைவானது, மெதுவானது, மெதுவிலிருந்து விரைவது, விரைவிலிருந்து தணிவது என நான்காகப் பகுக்கும் ஸ்போர், அதனை அடிக்கடி பயன்படுத்தலாகாது என எச்சரிக்கவும் செய்கிறார். பெல்ஜியத்தின் தெ பெரியோ 1858இல் வெளிவந்த நூலில் நழுவலை விரைவானது, மென்மையானது, இழுவையானது என மூன்றாக்கித் தனித்தனிக் குறி அமைத்தார். குரலிசையைப் பின்பற்றுதலே வயலினின் பெருமை என்னும் கோட்பாடு இவர்களுக்கு அடிப்படையாக இருந்தது. ஆக, 19ஆம் நூற்றாண்டில் நழுவல் வழாநிலை; அசைவு வழுவமைதி.

ஒலிப்பதிவுகள் காட்டும் வழக்கு

இதுகாறும் கூறப்பட்டவை எழுத்துச் சான்றுகள். 1903இல் முதன்மையான ஒலிச்சான்று ஒன்று கிடைக்கிறது. பிராம்ஸின் நண்பரும் 19ஆம் நூற்றாண்டுச் செருமானிய வயலின் மரபின் தலைமகனுமாகிய யோசேப் யோவாகிம் (1831–1907) அவ்வாண்டில், தமது எழுபதுகளில், ஐந்து இசைத்தட்டுப் பக்கங்களைப் பதிவுசெய்தார். பாஹின் தனி வயலின் பகுதிகள் இரண்டும், பிராம்ஸின் அங்கேரிய நடனங்கள் இரண்டும், தாமே இயற்றிய ‘ரொமான்ஸ்’ ஒன்றும் அவற்றுள் அடங்கும். அவற்றில் பல நீண்ட சுரங்கள் அசைவின்றி நிற்கின்றன. சில சுரங்களில் மட்டும் குறுகிய, விரைவான அசைவு கேட்கிறது. நழுவலோ வெளிப்படையாகவும் அடிக்கடியும் ஒலிக்கிறது. யோவாகிம் தம் மாணவர் மோசருடன் இணைந்து 1905இல் வெளியிட்ட வயலின் நூலில், அசைவைப் பற்றி ஸ்போரின் கருத்தையே வழிமொழிகிறார். அவர் திறத்தில் நூலும் ஒலியும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன.

சரசாத்தே 1904இலும், இசாயி 1912இலும் செய்த பதிவுகள் அடுத்தடுத்த படிநிலைகளைக் காட்டுகின்றன. கார்ல் ஃபிளெஷ் (1873–1944) தம் நினைவுக் குறிப்புகளில் இப்படிநிலைகளை வரிசைப்படுத்துகிறார். யோவாகிமின் அசைவு இறுக்கமானது. சரசாத்தேயுடையது அதனினும் அகன்றது. இசாயியின் அசைவு உணர்ச்சியின் போக்கிற்கேற்ப மாறுவது. கிரைஸ்லரோ விரைவான பகுதிகளிலும் அசைவை விடாது தொடர்ந்தவர் என்பது அவர் தரும் வரலாறு. பிரிட்ஸ் கிரைஸ்லர் (1875–1962) கையில் அசைவு அணி என்னும் நிலையைக் கடந்து ஒலியின் இயல்பாகவே மாறியது.

ஆசிரியரும் மாணாக்கரும்

இம்மாற்றத்தின் கூர்மையான முரணைப் பீட்டர்ஸ்பர்க் இசைப்பள்ளியில் காணலாம். யோவாகிமிடம் பயின்று, 1868 முதல் 1917 வரை அங்கு ஆசிரியராயிருந்த லியோபோல்ட் ஔவர் (1845–1930), 1921இல் வெளியிட்ட நூலில் இடையறாத அசைவை வன்மையாகக் கண்டிக்கிறார். கைக்குறைபாட்டை மறைக்கும் தீய பழக்கமாகவே அதனை அவர் கருதினார். அவருடைய புகழ்மிக்க மாணாக்கர் எல்மன், சிம்பலிஸ்ட், ஹைஃபெட்ஸ் ஆகிய மூவர். இம்மூவரின் இசைத்தட்டுகளிலும் அசைவு ஏறத்தாழ இடையறாது ஒலிக்கிறது. ஔவர் தம் நூலை எழுதிய காலத்தில் அத்தட்டுகள் உலகெங்கும் விற்பனையாகிக் கொண்டிருந்தன.

ஔவரின் நூல் மட்டும் எஞ்சி ஒலித்தட்டுகள் அழிந்திருப்பின், 1920களின் உருசிய வயலின் மரபு அசைவைத் தவிர்த்தது என்று பிற்கால ஆய்வாளர் முடிவு செய்திருக்கக்கூடும். அம்முடிவு உண்மைக்கு நேர்மாறானது. யோவாகிம் திறத்தில் ஒத்துச் சென்ற நூலும் ஒலியும் ஔவர் மரபில் முற்றிலும் பிரிந்து நிற்பதை இங்கு ஒப்புநோக்குதல் வேண்டும். ஒலிப்பதிவு இல்லாத 18ஆம் நூற்றாண்டைப் பற்றி நூல்வழி மட்டும் முடிவு கூறும்போது இவ்விரு நிலைகளுள் எது பொருந்தும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை.

மாற்றத்திற்கான காரணங்கள்

இம்மாற்றத்திற்குக் கருவியியல் காரணங்கள் சில உள. ஸ்போர் 1820ஐ ஒட்டி அறிமுகப்படுத்திய தாடைத்தாங்கி படிப்படியாகப் பரவியதால், கருவியைத் தாடைக்கும் தோளுக்கும் இடையே இறுத்திக்கொள்ள இயன்றது. இடக்கை விடுதலை பெற்றது. விலங்குக் குடலால் முறுக்கிய நரம்புக்கு மாற்றாக, உச்சத் தந்தியாக எஃகுக் கம்பி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடம்பெற்றது. எஃகின் கூரிய ஒலியை மென்மைப்படுத்த அசைவு உதவியிருத்தல் கூடும்.

ஒலிப்பதிவே முதன்மைக் காரணம் என வாதிடுபவர் அமெரிக்க ஆய்வாளர் மார்க் காட்ஸ். 2004இல் வெளியான நூலில் அவர் மூன்று காரணங்களை முன்வைக்கிறார். 1925இல் மின்வழிப் பதிவு வருவதற்கு முன்பிருந்த கூம்புவழிப் பதிவில், அசைவு ஒலியை எடுத்துக்காட்ட உதவியது. சுருதிப் பிழையை மறைத்தது. கண்ணுக்குத் தெரியாத கலைஞரின் தனித்தன்மையைச் செவிக்கு உணர்த்தியது. இக்கருத்து ஏற்புடையதே எனினும் முழுமையானதன்று. கிரைஸ்லர் பாரிஸ் இசைப்பள்ளியில் 1887இல் முதற்பரிசு பெற்றுப் பயிற்சியை முடித்தவர். இசைத்தட்டு வணிகம் வேரூன்றுவதற்கு முன்பே அவர் கைப்பழக்கம் உருவாகிவிட்டது. அசைவை மிகுவித்த முன்னோடியாக வியனியாவ்ஸ்கியை அவர் சுட்டியதும் இங்குக் கருதத்தக்கது. ஆகவே ஒலிப்பதிவு இம்மாற்றத்தைத் தோற்றுவித்தது என்பதினும், முன்னரே தோன்றியிருந்த ஒரு போக்கை விரைவுபடுத்திப் பொதுமையாக்கியது என்பதே பொருத்தமாகும்.

நழுவலின் மறைவு

அசைவு பெருகிய அதே காலத்தில் நழுவல் தேய்ந்தது. மெங்கல்பெர்க் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபா இசைக்குழுவைக் கொண்டு 1926இல் பதிவுசெய்த மாலரின் 5ஆம் சிம்பொனி ‘அடாஜியெட்டோ’வில், வயலின் கலைஞர் அனைவரும் சேர்ந்து நழுவுவதைக் கேட்கலாம். எல்கர் தாமே நடத்திய பதிவுகளிலும் இத்தகைய குழு நழுவல் ஒலிக்கிறது. சாலியேரி 1811இல் அஞ்சியது நூறாண்டுகளுக்குப் பின் ஐரோப்பிய இசைக்குழுக்களின் இயல்பு வழக்காக இருந்தது என்பதை இப்பதிவுகள் மெய்ப்பிக்கின்றன.

ஃபிளெஷ் 1923இல் வெளியிட்ட நூலில் நழுவலை இரண்டாக்கினார். புறப்படும் விரலால் நழுவுதல் ஒன்று. வந்துசேரும் விரலால் நழுவுதல் மற்றொன்று. முன்னதை ஏற்ற அவர், பின்னதைக் கட்டுப்பாட்டோடு ஆளப் பணித்தார். ஹைஃபெட்ஸின் வாசிப்பிலோ பின்னதே அவருடைய அடையாளமாயிற்று. பாப்லோ காசல்ஸ் (1876–1973) செல்லோவில் விரல்களை அகட்டி வைத்து, கையை நகர்த்தாமலே தொலைவுச் சுரங்களை எட்டும் முறையை வளர்த்து, தேவையற்ற நழுவல்களைக் களைந்தார். 1930களில் நழுவல் அருகியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய தலைமுறை அதனைப் பழமையின் மிகையுணர்ச்சியாகவே கருதியது. தட்டில் பதிந்த நழுவல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே வடிவில் ஒலிப்பதால் கேட்போருக்குச் சலிப்பு ஏற்பட்டிருக்கலாம் என்பதும் ஏற்கத்தக்க விளக்கமே.

மீட்டுருவாக்கமும் அதன் எல்லையும்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராபர்ட் பிலிப் (1992), கிளைவ் பிரவுன் (1999) ஆகியோரின் நூல்கள் இவ்வரலாற்றைச் சான்றுகளோடு வெளிக்கொணர்ந்தன. 1998 முதல் 2011 வரை ஸ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவின் தலைமை நடத்துநராயிருந்த ரோஜர் நோரிங்டன், 19ஆம் நூற்றாண்டு இசையையும் அசைவின்றி வாசிக்கச் செய்தார். பழைய வழக்கை மீட்பதே தம் நோக்கம் என அவர் கூறினார். பழைய நூல்களின் கண்டனங்களே அசைவின் இருப்பைக் காட்டுகின்றன என மறுப்போர் வாதிட்டனர்.

இவ்விவாதத்தில் ஒன்றைச் சிறப்பாகச் சுட்டவேண்டும். பழமையை மீட்க முனைந்த இசைக்குழுக்கள் பலவும் அசைவை நீக்கின. ஆனால் நழுவலை அதே உறுதியோடு மீட்கவில்லை. யோவாகிமின் தட்டுகளோ அசைவின் குறைவையும் நழுவலின் மிகுதியையும் ஒருங்கே காட்டுகின்றன. ஒரே சான்றின் ஒரு பாதியை ஏற்று மறுபாதியை விடுத்தல், பழமையின்பாற்பட்ட பற்றைவிடத் தற்காலச் சுவையின் ஆட்சியையே காட்டுகிறது. தூய்மையான, நேர்கோட்டு ஒலியை விரும்பும் செவி, தனக்கு உவந்ததை மட்டும் மரபெனத் தெரிந்தெடுத்தது. மரபு மீட்பு என்னும் எம்முயற்சியிலும் ஆய்வாளர் எச்சரிக்கையோடு நோக்கவேண்டிய இடம் இது.

கருநாடக இசையில் வயலின்

இதே கருவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), தஞ்சை வடிவேலு ஆகியோர் வழியாகக் கருநாடக இசைக்குள் நுழைந்தது. அங்கு அதன் வரலாறு வேறு வழியில் சென்றது. கருவியின் தலைப்பகுதி தரையில் அமர்ந்த கலைஞரின் பாதத்தில் ஊன்றப்படுவதால் இடக்கை முழு விடுதலை பெற்றது. ஐரோப்பாவில் தாடைத்தாங்கி செய்த பணியை இங்கு அமரும் முறையே செய்தது.

யோவாகிமின் தட்டுகளுக்கும் நூலுக்கும் இடைப்பட்ட 1904ஆம் ஆண்டில், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. கம்பிதம், நொக்கு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அந்நூலில் அமைந்துள்ளன. நழுவலை ஜாருவோடும் அசைவைக் கம்பிதத்தோடும் ஒப்பிடுவது எளிதாயினும், அவ்வொப்புமை புறத்தோற்றத்தளவில் நிற்பது. ஐரோப்பிய இசையில் இவ்விரண்டையும் நீக்கினாலும் இயற்றப்பட்ட இசை மாறுவதில்லை. கருநாடக இசையில் கமகம் இராகத்தின் வடிவத்தையே தீர்மானிப்பது. தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தினால் தோடி தோடியாக நில்லாது. ஆகவேதான் ஐரோப்பாவில் சுவை மாற்றத்தால் இடம் மாறிய கூறுகள், இங்கு இலக்கணத்தின் அகத்தே நிலைபெற்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. 1750 முதல் 1940 வரையிலான காலத்தில் அசைவு வழுவமைதியிலிருந்து வழாநிலைக்கும், நழுவல் வழாநிலையிலிருந்து வழுவிற்கும் இடம் மாறின.

2. இசைநூல்களின் விலக்கு விதிகள், விலக்கப்பட்ட வழக்கு நடைமுறையில் இருந்தமைக்குச் சான்றாகின்றன. அதன் அளவை மட்டும் அவற்றால் அறுதியிட இயலாது.

3. ஒரே ஆசிரிய மரபிற்குள்ளும் நூலும் ஒலியும் முரண்படலாம் என்பதை ஔவரும் அவர் மாணாக்கரும் காட்டுகின்றனர்.

4. ஒலிப்பதிவு, கருவி மாற்றம், குரலிசைக் கோட்பாட்டின் தேய்வு ஆகிய பலவும் சேர்ந்தே இம்மாற்றத்தை நிகழ்த்தின; தனியொரு காரணம் போதுமானதன்று.

5. பழைய வழக்கை மீட்போர் தம் காலச் சுவைக்கு உகந்த பகுதியை மட்டும் தெரிவுசெய்யும் இயல்பினர். சான்று முழுவதையும் ஒருங்கே ஏற்பதே வரலாற்று நேர்மையாகும்.

பழந்தமிழ் இசையின் ஒலியை உரைகளைக் கொண்டு மீட்டறிய முயலும் ஆய்வுகளுக்கு, நூலும் தட்டும் ஒருங்கே கிடைக்கும் இவ்வரலாறு ஓர் உரைகல்லாகப் பயன்படும்.